ஹாய்ஸ்ட், ஹாபிஸ், ஆரியா: ஹார்பர்ல ஒரு வார்த்தையோட எடை

இந்த எபிசோடுல ஒரே ஒரு வார்த்தையைப் பத்திப் பேசப்போறோம். ஹாய்ஸ்ட்.

ஜாவாஸ்கிரிப்ட் எழுதுறவங்களுக்கு 'ஹாய்ஸ்டிங்' தெரியும். கீழே அறிவிச்ச ஒரு பெயரை, மேலேயே அறிவிச்ச மாதிரி எஞ்சின் எடுத்துக்கும். ஆனா ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் வளர்ந்தவங்களுக்கு ஹாய்ஸ்ட்னா கிரேன், கயிறு, தலைக்கு மேல தொங்குற சரக்கு.

வார்த்தையோட கதையே வேடிக்கையானது. 16-ம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் 'ஹாய்ஸ்' என்பதுதான் வினைச்சொல். மேலே தூக்கு என்று அர்த்தம். அதோட இறந்தகால வடிவம் 'ஹாய்ஸ்ட்'. நாளடைவில் ஹாய்ஸ் வழக்கொழிந்து, ஹாய்ஸ்ட்டே வினைச்சொல்லாகிவிட்டது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டில் தன் வெடியாலேயே தூக்கி எறியப்படுபவனைப் பற்றி வருமே, அங்கே இருப்பது அந்தப் பழைய வடிவம்தான்.

ஹாய்ஸ் மாலுமிகளோட வார்த்தை. டச்சில் ஹெய்சன், ஜெர்மனில் ஹிஸ்ஸன், பிரெஞ்சில் இஸ்ஸே, போர்த்துகீசியத்தில் இசார். பாய்மரக் கயிற்றைச் சேர்ந்து இழுத்தவங்க வாயிலிருந்து துறைமுகம் துறைமுகமா பரவின குடும்பம் இது.

சரி, மெட்ராஸுக்கு வருவோம். இங்கே ரொம்ப காலம் துறைமுகமே இல்லை. கப்பல் தூரத்தில் நிற்கும். ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த மசூலா படகுகளில் அலையைத் தாண்டி சரக்கு கரைக்கு வரும். 1861-ல் கடலுக்குள் நீளும் ஒரு இரும்புப் பாலம் வந்தது. 1875-ல் செயற்கைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினாங்க. 1881 நவம்பர் புயல் அலைத்தடுப்புச் சுவரில் சுமார் அரை மைலை உடைத்து, அதைக் கட்டிக்கொண்டிருந்த ராட்சத டைட்டன் கிரேன்களையும் கவிழ்த்துப் போட்டது. மறுபடி கட்டினாங்க.

துறைமுகம் வந்ததும் சரக்கு கயிற்றில் தொங்க ஆரம்பித்தது. கப்பலோட சொந்த கிரேனுக்குப் பேரு டெரிக். 1600 வாக்கில் லண்டனில் இருந்த டெரிக் என்ற தூக்குப்போடுபவரின் பெயர் அது. தமிழ்லயும் 'தூக்கு'க்கு ரெண்டு அர்த்தம் இருக்கு இல்லையா?

இப்போ முக்கியமான விஷயம். வின்ச் ஓட்டுறவருக்குக் கப்பலோட அடித்தளம் தெரியாது. அங்கே ஆட்கள் நிற்கிறாங்க. மேலே விளிம்பில் நிற்கிற ஒருத்தர் குரலும் கையும்தான் அவருக்குக் கண். அந்தக் குரல் சொல்றது ரெண்டே வார்த்தை: 'ஹாபிஸ்' என்றால் ஏற்று, 'ஆரியா' என்றால் இறக்கு. ஆளுக்கு ஆள் உச்சரிப்பு கொஞ்சம் மாறும். ஆரியா போர்த்துகீசிய 'அரியார்'. பாயையோ கயிற்றையோ இறக்கு என்று அர்த்தம். இந்திய மாலுமிகளான லஸ்கர்கள் பேசின கலவை மொழி வழியா வந்தது. அந்த மொழிக்கு 1811-லேயே தாமஸ் ரோபக் ஒரு கப்பல் அகராதி போட்டார். அவர் மெட்ராஸ் படையைச் சேர்ந்த அதிகாரி.

தமிழ்ல சொல்ல வார்த்தை இல்லாமலா? இருக்கு. ஆனா தூக்கு, இறக்கு ரெண்டையும் காத்திலயும் வின்ச் சத்தத்திலயும் கத்திப் பாருங்க. முதல் எழுத்து போயிடும், காதுக்கு வர்றது '-க்கு' மட்டும்தான். அது எந்த 'க்கு'? தப்பா எடுத்தா கீழே ஒருத்தர் நசுங்குவார். ஹாபிஸும் ஆரியாவும் கடைசி ஒலிவரைக்கும் வேற வேற. ஒன்னு சீறலா முடியும், இன்னொன்னு வாய் திறந்து நீளும். பாதி காணாமப் போனாலும் மீதியை வச்சுக் கண்டுபிடிக்கலாம். டேட்டா அனுப்பும்போது பிழை கண்டுபிடிக்க நாங்க செய்றதும் அதுதான். இந்த வார்த்தைகள் நிலைச்சதுக்கு இதுவும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன்.

1983-ல் சென்னையில் கன்டெய்னர் முனையம் வந்தது. 2001-ல் எண்ணூர் துறைமுகம் திறந்தது. அங்கே நிலக்கரி பெல்ட்டில் ஓடுது. கிரேன் கேபின்ல வாக்கி டாக்கி பேசுது. அடித்தளத்தில் ஆள் குறைஞ்சது நல்லதுதான், உயிர் மிச்சம். ஆனா அந்த உயிரை இவ்வளவு நாள் காப்பாத்தின ரெண்டு வார்த்தையைக் கத்துறவங்களும் ஓய்வு பெற்றுட்டு வர்றாங்க.

உங்க வீட்டில், தெருவில் ஹார்பர் வேலை பார்த்த பெரியவங்க இருந்தா, ஒரு தடவை சொல்லச் சொல்லி போன்ல பதிவு பண்ணி வைங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.