முத்திரையும் மோப்பமும்

விற்பவர் சொல்லும் அளவை வாங்குபவர் எவ்வளவு தூரம் நம்பலாம்? கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே எழுந்துவிட்ட கேள்வி இது. புதுச்சேரியின் நெசவு வரலாற்றில் அதற்கொரு பழஞ்சான்று உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வூரிலிருந்து பிரான்சு வழியாகச் செனகலுக்குப் பெருமளவில் சென்றது, பிரெஞ்சுக்காரர் ‘கினே’ என்றழைத்த, அவுரிச் சாயமேறிய நீலத்துணி. செனகல் ஆற்றங்கரையில் வேலம்பிசின் விற்ற மூர் வணிகர்கள் அதையே விலையாகப் பெற்றனர். அங்கே துணியே நாணயம். நாணயம் இருக்குமிடத்தில் கள்ள நாணயமும் வருமல்லவா? பிரான்சின் ரூவன் நகர ஆலைகள் அதே நீலத்தில் போலிகளை நெய்து அனுப்பின. மூர்கள் எளிதில் மயங்கவில்லை. தொட்டுப் பார்த்தும் சாயத்தை முகர்ந்தும் புதுச்சேரித் துணியை இனங்கண்டனர்.

மட்டமான துணி பெருகவே, 1843இல் பிரெஞ்சு அரசு நீளம், அகலம், எடை ஆகியவற்றுக்கு அளவு விதித்து, சோதித்த துணிக்கு முத்திரையிடச் செய்தது. நல்ல ஏற்பாடுதான். எனினும் எடை தரத்தின் அடையாளமேயன்றித் தரமாகிவிடாது. கஞ்சியேற்றினாலும் எடை கூடும். அதே நூற்றாண்டில் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் கஞ்சியில் வெண்களிமண் கலந்து துணியைக் கனக்கச் செய்ததை வணிக உலகம் நன்கறியும்.

நம் தலைமுறை இதே கதையை நுண்செயலியில் கண்டது. 2000 நவம்பரில் இன்டெல் நிறுவனத்தின் பெண்டியம் 4 வெளிவந்தபோது அதன் பெருமையாக முன்வைக்கப்பட்டது கிகாஹெர்ட்ஸ் என்னும் துடிப்பெண். ஒரு நொடியில் அது அதிகம் துடித்தது உண்மை. ஒவ்வொரு துடிப்பிலும் செய்த வேலையோ முந்தைய பெண்டியம் 3ஐவிடக் குறைவு. போட்டியாளரான ஏ.எம்.டி. 2001இல், 1.53 கிகாஹெர்ட்ஸ் செயலிக்கு ‘1800+’ என்று பெயரிட்டது. எண்ணுக்கு எதிராக இன்னோர் எண்! 2004இல் இன்டெலும் துடிப்பெண்ணை விடுத்து வேறு எண்களால் தன் செயலிகளுக்குப் பெயரிடலாயிற்று.

வேகச் சோதனைகளின் மதிப்பெண்களைச் சாதகமாக வளைத்ததாக பெண்டியம் 4 தொடர்பில் அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கை, 2014இல், குற்றத்தை ஏற்காமலேயே, வாங்கியவருக்குத் தலா 15 டாலர் தர இசைந்து இன்டெல் முடித்துக்கொண்டது. சோதனைகளுக்குப் பொதுவிதி வகுக்க 1988இல் தோன்றிய ‘ஸ்பெக்’ அமைப்பும் தப்பவில்லை. 2024இல் 2,600க்கும் மேற்பட்ட முடிவுகளை அது ஏற்க மறுத்தது. இன்டெலின் மொழிமாற்றி மென்பொருள் அச்சோதனையின் ஒரு பகுதிக்கென்றே சீரமைக்கப்பட்டிருந்ததே காரணம்.

அளவுகோலை அறிந்துகொண்ட உற்பத்தியாளர் அளவுகோலுக்காகவே உற்பத்தி செய்யத் தொடங்குகிறார். துணியிலும் செயலியிலும் நாம் காண்பது இதுவே. முத்திரை வேண்டாமென்பதில்லை. அது எதை அளந்தது, அளந்தவர் யார், அதற்குச் செலவிட்டவர் யார் என்று வினவவேண்டும். பிறகு, ஆயிரம் பக்க நூலைப் பக்கம் கட்டுவதோ வேறெதுவோ, நம் வேலையை அக்கணினியில் ஓட்டிப் பார்க்கவேண்டும். மூர் வணிகர்கள் துணியைக் கையிலெடுத்து முகர்ந்ததும் இதைத்தான்.