மானிப்பாயில் ஒரு வழிபாடு



மானிப்பாய்க்குச் சென்றவர்கள் அங்குள்ள கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையை அறிவர். மருதடிப் பிள்ளையாரை வணங்கிவிட்டு அவ்வைத்தியசாலையில் மருந்துக்குக் காத்திருந்தோர் நம் முன்னோரிற் பலர். அப்பெயருக்கு உரியவரான சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியரைப் பற்றிப் பேசும்போது, அவர் தமிழுக்குச் செய்த தொண்டையே முதலில் எடுத்துரைப்பது நம் வழக்கம். அது தகும். ஆயினும் அத்தொண்டிற்கு அவரைத் தூண்டியது எது என்று நாம் அதிகம் வினவுவதில்லை. உடலைப் பேணுதலும் இறைவழிபாடே என்ற பழைய கிறிஸ்தவ எண்ணம் ஒன்று உண்டு. அதன் வழியாக அவரைக் காண முயல்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

உடம்பு இறைவன் உறையும் ஆலயம் என்று பவுலடியார் முதலாம் நூற்றாண்டிலே கொரிந்து நகரத்துச் சபையாருக்கு எழுதினார். திருமூலரைக் கற்ற நமக்கு இது பழகிய குரலாகவே கேட்கும். ஆனால் கிறிஸ்தவ உலகம் முழுவதும் அக்கருத்தை ஒரே வழியிற் கைக்கொண்டது என்று எண்ணுதல் பிழை. ஐந்தாம் நூற்றாண்டிலே சிரியா நாட்டில், அலெப்போ நகருக்கு அண்மையில், சிமியோன் என்ற துறவி ஒரு தூணின் உச்சியில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தவமிருந்தார். உடலை ஒறுத்தலே பக்தியின் உச்சம் என்று கருதி மக்கள் திரள் திரளாகச் சென்று அவரைக் கண்டனர்.

அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே கப்பதோக்கியாவின் செசரியா நகரில் பசிலியார் என்ற ஆயர் வேறொன்று செய்திருந்தார். 369 ஆம் ஆண்டளவில் வந்த பஞ்சத்தை அடுத்து, அவர் நகருக்கு வெளியே நோயாளருக்கும் வழிப்போக்கருக்கும் விடுதிகள் எழுப்பினார். ஊரார் விலக்கிய தொழுநோயாளரும் அங்கே இடம்பெற்றனர். பசிலியாரும் கடுந்துறவியே, தம் உடலை நோன்பினால் வாட்டியவரே. பிறர் உடல் என்று வந்தபோதோ, புண்ணைக் கழுவுவதும் மருந்திடுவதும் கடமை எனக் கொண்டார். வைத்தியத்தை நாடுவது இறைநம்பிக்கைக்கு இழுக்காகுமோ என்ற ஐயம் அக்காலத் துறவியரிடையே இருந்தது; வைத்தியமும் இறைவன் தந்த கலையே என்று அவர் விடை எழுதிவைத்தார். தன் உடலை வாட்டிப் பிறர் உடலைப் பேணுவது முரண் என்பார் உளர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. பசித்திருந்தவன் அன்றோ பிறன் பசியை அறிவான்?

இனி, பதினைந்து நூற்றாண்டுகளைத் தாண்டி யாழ்ப்பாணத்துக்கு வருவோம். அமெரிக்க மிஷன் இங்கே 1816 இல் தன் பணியைத் தொடங்கியது. 1820 இல் பண்டத்தரிப்பில் அமர்ந்த டாக்டர் ஜோன் ஸ்கடர் பிரசங்கத்தையும் வைத்தியத்தையும் ஒருங்கே நடத்தினார். அவ்வழியில் 1847 இல் வந்தவரே கிறீன். மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில் 1822 இற் பிறந்து, நியூயோர்க்கில் 1845 இல் வைத்தியப் பட்டம் பெற்றவர். சிறிது காலம் வட்டுக்கோட்டையில் இருந்து, 1848 இல் மானிப்பாயில் நிலைகொண்டு, நோயாளரைப் பார்ப்பதோடு மாணவரைச் சேர்த்து வைத்தியமும் கற்பிக்கலானார்.

இவ்விடத்தில் ஒரு பொருத்தத்தைச் சொல்லாமற் செல்ல மனம் வரவில்லை. நல்லூர் ஆறுமுக நாவலர் பிறந்ததும் அதே 1822 ஆம் ஆண்டில். மிஷனரிமாரின் மதமாற்றத்தை எதிர்த்து அவர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதும் அதே 1848 இல். வண்ணார்பண்ணைக்கும் மானிப்பாய்க்கும் இடையே சில கட்டை தூரமே. மருந்தையும் பள்ளிக்கூடத்தையும் தூண்டிற் புழுவாக வைத்து ஊராரைப் பிடிக்கிறார்கள் என்ற ஐயம் சைவரிடையே எழுந்தது இயல்பே. அது காரணமற்ற ஐயமும் அன்று. மருந்து பெற வந்தவர்களுக்கு வேதவசனமும் வழங்கப்பட்டது. கிறீன் தம்மைச் சுவிசேஷகர் என்றே கருதினார். அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆயின், தூண்டிற் புழுவுக்கு இவ்வளவு பெரிய உழைப்பு வேண்டுமா என்பதே என் கேள்வி. அவர் முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். அங்ஙனம் கற்றோர் உத்தியோகத்தை நாடி வெளியூர் செல்லும் நிலை இருந்தது. கிராமத்து நோயாளி இருந்த இடத்திலேயே இருந்தான். விடுமுறையிற் சென்று 1862 இல் மீண்டும் வந்த கிறீன், இனித் தமிழிலேயே கற்பிப்பது என்று துணிந்தார். நூல்கள் இல்லை, கலைச்சொற்களும் இல்லை. முதலில் தமிழில் வழங்கும் சொல்லைத் தேடினார்; அது கிடையாதபோது வடமொழியை நாடினார்; அதுவும் உதவாதபோதே ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்திற் பெயர்த்தார். 1867 இல் இரணவைத்தியம் வெளிவந்தது. 1872 இல் மனுஷ அங்காதிபாதம் வந்தது. இது கிறே என்பாருடைய உடற்கூற்று நூலின் தமிழாக்கம். மூலநூல் இலண்டனில் முதன்முதல் வெளியானது 1858 இலேயாம். பதினான்கு ஆண்டுகளுக்குள் அது யாழ்ப்பாணத்து மாணவன் கைக்குத் தமிழாக வந்தது என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அவரும் அவர் மாணவரும் ஆக்கிய நூல்கள் 4,000 பக்கங்களுக்கு மேற்பட்டவை. அம்மாணவருட் சப்மன், டன்வர்த் என்ற பெயர்களைக் கண்டு அயலவர் என மயங்க வேண்டாம். வட்டுக்கோட்டைச் செமினரியிற் படித்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு அமெரிக்க நன்கொடையாளரின் பெயர்களைச் சூட்டுவது அந்நாளைய வழக்கம். கிறீனோ, தம் மாணவர் நடையுடையில் ஐரோப்பியராக மாறுவதை விரும்பாதவர்.

எலும்புகளின் பெயரையும் நரம்புகளின் போக்கையும் தமிழிற் கற்பித்து எவரையும் மதம் மாற்றிவிட முடியாது. ஊர் சைவ ஊராகவே இருந்தது. படைத்தவன் கைவேலையாகிய உடம்பைச் சரிவர அறிவதும், அவ்வறிவை அவ்வுடம்புக்கு உரியவனின் தாய்மொழியிலேயே அவனுக்குக் கொடுப்பதும் தம் வழிபாட்டின் பகுதி என்று கருதிய ஒருவராலன்றி இவ்வேலை இயன்றிராது என்பதே என் துணிபு. பிரசங்கம் வேறு, மருந்து வேறு என்று நாம் பிரித்துப் பார்ப்பது போல அவர் பார்த்திருக்க மாட்டார்.

என் சிறுவயதில், எங்கள் ஊர்ப் பரிகாரியார் ஒருவர் வீட்டில், ஏட்டுச் சுவடிகளின் நடுவே அட்டை கழன்ற ஓர் இரணவைத்தியப் பிரதியைக் கண்டதுண்டு. நெற்றி நிறைய நீறு பூசிய அப்பெரியவர், கட்டு உடைத்து மருந்து வைக்குமுன் அதைப் புரட்டிப் பார்ப்பார். யார் எழுதியது என்று கேட்டேன். “எங்கட கிறீன் வைத்தியர்” என்றார்.

அவர் முயற்சி முழு வெற்றி பெற்றது என்று சொல்லுதல் இயலாது. 1870 இற் கொழும்பில் வைத்தியக் கல்லூரி ஆங்கிலத்தில் தொடங்கியது. உத்தியோகமும் மதிப்பும் அவ்வழியே சென்றன. அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியரை உருவாக்கிய பின், 1873 இல் கிறீன் தாயகம் திரும்பினார். அவர் தொடங்கிய தமிழ்வழி வைத்தியக் கல்வி நெடுங்காலம் நிலைக்கவில்லை. அவருடைய சொற்களுட் பல இன்று நமக்கு வடமொழிப் பாரம் மிகுந்தனவாகத் தோன்றும். கெமிஸ்தம் என்ற நூற்பெயரைக் கேட்டு மாணவர் சிரிப்பர். சிரிக்கட்டும், வேதியியலுக்கு அன்று வேறு பெயர் வைத்திருந்தவர் யார்?

வூஸ்ரருக்குச் சென்ற பின்னும் அவர் மேசையில் தமிழ்க் கையெழுத்துப் படிகளே கிடந்தன. கெமிஸ்தம் 1875 இலும், உடற்றொழிலை விளக்கும் மனுஷ சுகரணம் 1883 இலும் வெளிவந்தன. அதற்கு அடுத்த ஆண்டு, 1884 மே மாதத்தில், அவர் காலமானார். தம் கல்லறையில் எளிய கல்லொன்றே நாட்ட வேண்டும் என்றும், தமிழருக்கு வைத்திய சுவிசேஷகர் என்று அதிற் பொறிக்க வேண்டும் என்றும் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அவ்வாறே பொறித்தனர்.