கடாரத்தில் ஒரு நாள்



சென்ற பள்ளி விடுமுறையில் கிள்ளானிலிருந்து என் மாணவர்களைக் கெடா மாநிலத்தின் மெர்போக்கிற்கு அழைத்துச் சென்றேன். அங்கே ஜெராய் மலையடிவாரத்தில் நிற்கிறது சண்டி புக்கிட் பத்து பகாட். 1936-37இல் குவாரிட்ச் வேல்ஸ் அகழ்ந்த இக்கோயிலை, 1960 அளவில் அலஸ்டேர் லாம்ப் மீட்டமைத்தார். கருங்கல் விமானமும் மண்டபத் தூண்களின் அடிக்கற்களும் எஞ்சியுள்ளன. மரத்தூண்களும் கூரையும் மறைந்தன.

1025இல் இராசேந்திர சோழன் வென்ற கடாரம் இப்பகுதியே என்பர் அறிஞர். ஆயினும் படையெடுப்பை மட்டும் கற்பித்தல் போதாது. இரும்புருக்கிய சுங்கை பத்து உலைகள், இங்கு உழைப்பும் வணிகமும் செழித்ததைக் காட்டுகின்றன.

2013இல் பதினோராம் எண் சண்டி வீடமைப்பு மேம்பாட்டுக்காக இடிக்கப்பட்டது. தனியார் நிலத்தில் இருந்த அது மரபுடைமையாக அரசிதழில் பதிவாகவில்லை. பதிவில்லாத தொன்மைக்குச் சட்டக் காவல் அரிது. பிள்ளைகளுக்கு இவ்விடங்களைக் காட்டுங்கள். கண்டறிந்தவரே காக்க முன்வருவர்.