புல்மன் நகரம்

புல்மன் நகரம் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில், சிகாகோவுக்குத் தெற்கே கலுமெட் ஏரியை ஒட்டி 1880இல் கட்டத் தொடங்கப்பட்ட தொழிலாளர் குடியிருப்பு. படுக்கை வசதியுள்ள ரயில் பெட்டிகளைச் செய்து பெருஞ்செல்வம் ஈட்டிய ஜார்ஜ் புல்மன் (1831–1897) இதை நிறுவினார். 1894இல் இங்கு மூண்ட வேலைநிறுத்தம் அமெரிக்கத் தொழிலாளர் வரலாற்றில் ஒரு திருப்புமுனை.

அமைப்பு: ஏறத்தாழ 4,000 ஏக்கர் நிலத்தை வாங்கிய புல்மன், கட்டடக் கலைஞர் சோலன் பீமனையும் தோட்டக் கலைஞர் நேத்தன் பாரெட்டையும் அமர்த்தினார். ஏரிக் களிமண்ணைக் கொண்டே செங்கல் அறுத்தனர். 1876ஆம் ஆண்டு பிலடெல்பியா பொருட்காட்சியில் மக்கள் வியந்து பார்த்த கார்லிஸ் நீராவி எந்திரமே ஆலையை இயக்கியது. கழிவுநீர் குழாய்வழியே பண்ணைக்குச் சென்று உரமாயிற்று. கடைகள், வங்கி, நூலகம், நாடக அரங்கு ஆகியவை ‘ஆர்கேடு’ என்னும் ஒரே கட்டடத்தில் இருந்தன. விடுதிக்குப் புல்மன் தம் மகள் புளோரன்ஸின் பெயரைச் சூட்டினார்.

குடியிருப்புகள் பதவி வரிசைப்படி அமைந்தன. அதிகாரிகளின் பெரிய வீடுகள் விடுதிக்கு அருகிலும், திறன்பெற்ற தொழிலாளர்களின் வரிசை வீடுகள் அடுத்தும், கூலியாட்களின் அடுக்கு வீடுகள் விளிம்பிலும் இருந்தன.

நிர்வாகம்: வீட்டை விலைக்கு வாங்க எவருக்கும் இடமில்லை. பத்து நாள் முன்னறிவிப்பில் குடியிருப்போரை வெளியேற்றலாம். விடுதி தவிர வேறெங்கும் மது விற்கவில்லை. நூலகத்துக்கு ஆண்டுக் கட்டணம் 3 டாலர். பச்சைக்கல் தேவாலயத்தின் வாடகையைத் தாங்கும் சபை கிடைக்காததால், அது சில ஆண்டுகள் பூட்டியே கிடந்தது. பொருளியல் அறிஞர் ரிச்சர்ட் ஈலி 1885இலேயே இந்த ஏற்பாட்டை நிலப்பிரபுத்துவத்துக்கு ஒப்பிட்டார்.

வேலைநிறுத்தம்: 1893ஆம் ஆண்டு பொருளாதார மந்தத்தின்போது நிறுவனம் கூலியைச் சராசரியாக நான்கில் ஒரு பங்கு குறைத்தது. ஆனால் வாடகையைக் குறைக்கவில்லை. பங்குதாரர்களுக்கு 8 விழுக்காடு ஈவுத்தொகையும் தொடர்ந்தது. கூலியில் வாடகையைப் பிடிக்கச் சட்டம் தடை விதித்திருந்ததால், வாடகைக்கு ஒன்றும் மீதிக்கு ஒன்றுமாக இரண்டு காசோலைகள் கொடுத்தனர். மீதி 2 சென்ட் மட்டுமே பெற்ற ஒருவர் அந்தக் காசோலையைச் சட்டமிட்டு வைத்திருந்ததாக உள்ளூர்ப் பாதிரியார் வில்லியம் கார்வர்டைன் பதிவு செய்துள்ளார்.

முறையிடச் சென்ற குழுவினரில் மூவரை நிறுவனம் வேலையிலிருந்து நீக்கியது. அதையடுத்து, 1894 மே 11 அன்று தொழிலாளர்கள் வெளியேறினர். யூஜின் டெப்ஸ் தலைமையிலான அமெரிக்க ரயில்வே சங்கம் ஜூன் 26 முதல் புல்மன் பெட்டிகளைத் தொட மறுத்தது. மறியல் 27 மாநிலங்களில் பரவியது. ஜூலை 2 அன்று நீதிமன்றம் தடையாணை பிறப்பித்தது. அஞ்சல் தடைபடுகிறது என்ற சாக்கில், ஆளுநர் ஆல்ட்கெல்டின் எதிர்ப்பையும் மீறி, குடியரசுத் தலைவர் குரோவர் கிளீவ்லாந்து படைகளை அனுப்பினார். சிகாகோவில் அதுவரை பெரும்பாலும் அமைதியாக நடந்த போராட்டம் படைகள் வந்த பின்னரே கலவரமாயிற்று. டெப்ஸ் ஆறு மாதம் சிறையிடப்பட்டார். 1895இல் உச்ச நீதிமன்றம் தடையாணையை ஏற்றது. போராட்டம் நடந்துகொண்டிருந்தபோதே, ஜூன் 28 அன்று, செப்டம்பர் முதல் திங்கட்கிழமையைத் தொழிலாளர் நாளாக்கும் சட்டத்தில் கிளீவ்லாந்து கையெழுத்திட்டார்.

கூட்டாட்சி அரசு அமைத்த விசாரணைக் குழு, இங்குள்ள வாடகை சுற்றுப்புறத்தைவிட 20 முதல் 25 விழுக்காடு அதிகம் என்று கண்டது. ஆலைக்குத் தேவையற்ற வீடுகளை விற்றுவிடுமாறு 1898இல் இலினாய் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

பிற்காலம்: டெப்ஸின் சங்கம் கறுப்பினத்தவரைச் சேர்க்கவில்லை. புல்மன் பெட்டிப் பணியாளர்களான அவர்களுக்கு 1925இல் பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் தனிச் சங்கம் அமைந்தது. 1937இல் அது நிறுவனத்துடன் ஒப்பந்தம் கண்டது. 2015இல் தேசிய நினைவுச் சின்னமான இவ்விடம் 2022 முதல் தேசிய வரலாற்றுப் பூங்காவாக உள்ளது.