ஈராசிரியர் பள்ளிச் சூழலும் ஆசிரியர் மனநலமும்: புதுக்கோட்டை மாவட்டத்தை முன்வைத்து

1. ஆய்வுப் பொருள்

ஆசிரியர் மனம் சோர்ந்தால் யோகா, தியானம் என்று அவரையே சரிசெய்யக் கிளம்புகிறோம். பள்ளி நடக்கும் விதத்தை யாரும் கேட்பதில்லை. கேள்வி அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

2. கோட்பாடு

பணியில் எரிந்து தீரும் சோர்வை நோய் என்று சொல்லாமல், சமாளிக்கப்படாத நீண்டகாலப் பணி அழுத்தத்தின் விளைவு என்றே உலக சுகாதார நிறுவனம் 2019இல் வரையறுத்தது. வேலை மிகுந்து, அதை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை குறையும்போது அழுத்தம் ஏறுகிறது என்பது ராபர்ட் கராசெக் 1979இல் முன்வைத்த கருத்து.

3. பள்ளிக்குள்

கல்வி உரிமைச் சட்டப்படி 60 குழந்தைகள் வரையுள்ள தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர்கள் போதும். சட்டம் தலைகளை எண்ணுகிறது, வகுப்புகளோ ஐந்து. புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆவுடையார்கோவில், மணமேல்குடிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் தலைமையாசிரியர் வட்டார வள மையக் கூட்டத்துக்குப் போய்விட்டால், மிஞ்சியவர் ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆள். 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்து நடத்த வேண்டும். இடையில் கல்வித் துறையின் எமிஸ் இணையத்தளத்தில் வருகைப்பதிவு. சிக்னல் கிடைக்காவிட்டால் செல்பேசியோடு வாசலுக்கு வருவார்; உள்ளே ஒரு குழந்தை அழும். சத்துணவு நேரத்தில் பிள்ளைகளைக் கவனித்தபடியே அவரும் சாப்பிட வேண்டும். தற்செயல் விடுப்பு கணக்கில் இருக்கும். எடுக்க மனம் வராது. இந்தத் தனிமையை எந்தப் படிவமும் கேட்பதில்லை.

4. எதிர்ச்சான்று

சோர்வுக்குப் பணிச்சுமை மட்டுமே காரணமா? இல்லை என்கிறது இதே மாவட்டம். 1991–92இல் நடந்த அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில், ஊதியமில்லாமல் மாலை வகுப்பு எடுத்தார்கள் ஊர்த் தொண்டர்கள். அந்த இயக்கத்தின் வழியே பெண்கள் சைக்கிளும் பழகினார்கள். தொண்டர்களுக்கு வேலை கூடியது, கூடவே தோழமையும் மரியாதையும் கூடின. ஊருக்கு ஏற்றபடி வகுப்பை அமைக்க இடமிருந்தது. தொண்டு வேறு, ஆயுள்முழுதும் செய்யும் பணி வேறு என்பது உண்மை. ஆனாலும் சூழல் மாறினால் சுமையின் எடையே மாறுகிறது என்பதை நான் உறுதியாக நம்புகிறேன்.

5. பரிந்துரை

கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர்த்த கற்பித்தல் சாராப் பணிகளுக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. பள்ளிக்குள்ளேயே முளைக்கும் பதிவேற்ற வேலைகளையும் அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும்; அவற்றை வட்டார அளவில் தனிப் பணியாளரிடம் விடலாம். சில பள்ளிகளுக்குப் பொதுவாக ஒரு மாற்று ஆசிரியரை நியமிக்க வேண்டும். அவர் வந்து சேர்ந்ததை உறுதிசெய்த பிறகே ஈராசிரியர் பள்ளியிலிருந்து ஒருவரைக் கூட்டத்துக்கு அழைக்க வேண்டும்.