சூலக முறுக்கம்

கருமுட்டையை உருவாக்கும் சூலகம், தன்னைத் தாங்கும் தசைநார்களைச் சுற்றித் திருகிக்கொள்வதால் அதன் குருதியோட்டம் தடைப்படும் அவசர நிலை சூலக முறுக்கம் எனப்படும். 5 செ.மீ.க்கு மேற்பட்ட நீர்க்கட்டி அல்லது கட்டி உள்ள சூலகமே பெரும்பாலும் முறுக்கிக்கொள்ளும் எனினும், வளரிளம் பெண்களில் கட்டியே இல்லாத சூலகமும் இதற்கு உள்ளாகலாம். இடப்புறத்தைவிட வலப்புறத்தில் இது மிகுதியாக நேர்வதால், திடீரென எழும் அடிவயிற்று வலியும் வாந்தியும் குடல்வால் அழற்சியாகத் தவறாகக் கணிக்கப்படுவதுண்டு.

முறுக்கத்தில் மெல்லிய சுவருடைய சிரைகள் முதலில் நசுங்க, தமனிகள் வழியே குருதி தொடர்ந்து உட்புகுவதால் சூலகம் வீங்கி, இறுதியில் அதன் திசுக்கள் மடிகின்றன. கருக்குழாயில் கரு தங்கும் இடம்மாறிய கர்ப்பமும் இதே வலியைத் தரும் என்பதால் கர்ப்பப் பரிசோதனை இன்றியமையாதது. அல்ட்ராசவுண்ட் முதன்மைச் சோதனை என்றாலும், குருதியோட்டத்தைக் காட்டும் டாப்ளர் முறையில் ஓட்டம் இயல்பாகத் தெரிவதை மட்டும் நம்பி முறுக்கம் இல்லையென முடிவுகட்டுவது ஆபத்தான பிழையாகும். லேப்ராஸ்கோப்பி என்னும் சிறுதுளை அறுவையே முறுக்கத்தை உறுதிசெய்யும்.

கருநீலமாகத் தோன்றும் சூலகத்தை அகற்றுவதே முன்பு வழக்கமாயிருந்தது. முறுக்கை அவிழ்த்தபின் அத்தகைய சூலகமும் பெரும்பாலும் மீள்வதால், இளம்பெண்களில் அதனைக் காப்பதே இன்று ஏற்கப்பட்ட சிகிச்சையாகும்.