சங்கொலியும் கடல்வழி நெறியும்

நிலத்தில் பாதை கண்ணுக்குத் தெரியும், கடலில் தெரியாது. சாலைகளில் கோடுகள் உண்டு, விளக்குகள் உண்டு, கைகாட்டி நிறுத்தும் காவலரும் உண்டு. பரந்த நீர்ப்பரப்பிலோ இவற்றுள் ஒன்றும் இல்லை. ஆயினும் மொழியாலும் நாட்டாலும் வேறுபட்ட மாலுமிகள் நாள்தோறும் ஒருவரையொருவர் எதிர்கொண்டு, ஊறின்றி விலகிச் செல்கின்றனர். இதனை இயலச் செய்வது பொதுநெறி ஒன்று. அஃது ஒருவர் ஒரே நாளில் வகுத்ததன்று. இழப்புகளிலிருந்து மனிதர் கற்ற பாடங்களின் தொகுப்பு. உரிமையைக் காட்டிலும் கடமையே பெரிது என்பதை அந்நெறியின் வரலாறு உணர்த்துகிறது.

பாய்மரக் காலத்தில் காற்றே கப்பலை ஆண்டது. நினைத்த திசையில் நினைத்தபோதே திரும்ப இயலாத கலங்களுக்கிடையே சில வழக்காறுகள் வேரூன்றின. காற்றை இடப்புறத்தில் ஏற்றுச் செல்லும் கப்பல், வலப்புறத்தில் ஏற்றுச் செல்லும் கப்பலுக்கு வழிவிடவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல்கள் பெருகியதும் பழைய வழக்காறுகள் போதாவாயின. காற்றை எதிர்த்தும் விரைந்தோட வல்ல கலத்தை எந்த விதியால் கட்டுவது?

இங்கிலாந்தில் கலங்கரை விளக்கங்களைப் பேணிவந்த டிரினிட்டி ஹவுஸ் என்னும் அமைப்பு, 1840ஆம் ஆண்டில் இதற்கு விடை கண்டது. நீராவிக் கப்பலை, எப்போதும் சாதகமான காற்றைப் பெற்ற கப்பலாகவே கருதவேண்டும். ஆதலால் காற்றோடு போராடிச் செல்லும் பாய்மரக் கப்பலுக்கு அதுவே வழிவிடவேண்டும் என்றது. மோதும் நிலையில் இரு நீராவிக் கப்பல்கள் எதிர்ப்பட்டால், ஒன்றின் இடப்புறம் மற்றதன் இடப்புறத்தைக் கடக்குமாறு இரண்டும் விலகவேண்டும் என்றும் வகுத்தது. ஆற்றல் மிக்கதே விலகவேண்டும் என்ற கருத்து இவ்வாறு விதியாயிற்று. 1846ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம், நீராவிக் கப்பல்கள் இடப்புறமாகக் கடத்தலைச் சட்டமாக்கியது.

இரவுக்கும் மூடுபனிக்கும் வழி காணவேண்டியிருந்தது. 1848இல் நீராவிக் கப்பல்களுக்கு இடப்புறம் சிவப்பு, வலப்புறம் பச்சை என விளக்குகள் வகுக்கப்பட்டன. 1858இல் அவ்விளக்குகள் பாய்மரக் கப்பல்களுக்கும் உரியவாயின. அதே ஆண்டில், மூடுபனியில் நீராவிக் கப்பல் ஊதல் ஒலிக்கவும், பாய்மரக் கப்பல் கொம்பு ஊதவோ மணி அடிக்கவோ விதி பிறந்தது. பிரிட்டனும் பிரான்சும் கலந்து 1863இல் உருவாக்கிய விதித்தொகுப்பை, அடுத்த ஆண்டுக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்றன. பிரிட்டிஷ் வாணிக வாரியத்தின் அலுவலரான தாமஸ் கிரே என்பவர் 1867இல் இவ்விதிகளை எளிய செய்யுள்களாக்கினார். மாணவர் வாய்பாட்டை மனனம் செய்வதுபோல் மாலுமிகள் அவற்றை மனனம் செய்தனர்.

1880ஆம் ஆண்டின் விதிகளில், கப்பல் தன் கருத்தைச் சங்கொலியால் அறிவிக்கும் முறை இடம்பெற்றது. ஒரு குற்றொலி, 'வலப்புறம் திரும்புகிறேன்' எனப் பொருள்படும். இரண்டு, 'இடப்புறம் திரும்புகிறேன்' என்பதாகும். மூன்று, பொறி பின்னோக்கி இயங்குவதைக் குறிக்கும். குற்றொலி என்பது ஏறத்தாழ ஒரு விநாடி நீள்வது. ஐந்து குற்றொலிகள், 'உன் கருத்து விளங்கவில்லை; நீ செய்வது போதுமா என ஐயுறுகிறேன்' என்னும் எச்சரிக்கையாகப் பின்னாளில் நிலைபெற்றன. சொல்லே இல்லாத இம்மொழியை எந்நாட்டவரும் அறிவர்.

இரு பொறிக் கப்பல்கள் குறுக்கே சந்திக்கும்போது, மற்றதைத் தன் வலப்புறத்தில் காண்பதே விலகவேண்டும். இரவில் அதன் கண்ணிற்படுவது எதிர்க்கப்பலின் சிவப்பு விளக்கு. அதுவே 'நீ விலகு' என்று கூறுவதுபோல் அமைந்துள்ளது. அவ்வாறாயின் மற்றக் கப்பலுக்குக் கடமை இல்லையா? உண்டு. அது தன் திசையையும் வேகத்தையும் மாற்றாது செல்லவேண்டும் என 1889ஆம் ஆண்டின் வாஷிங்டன் மாநாடு வலியுறுத்தியது. 1972இல் லண்டனில் உருவாகி, 1977இல் நடைமுறைக்கு வந்த விதிகள் மேலும் ஒருபடி சென்றன. விலகவேண்டிய கப்பல் விலகாதபோது மற்றது தானும் செயற்படலாம். மோதலைத் தவிர்க்க வேறு வழியில்லாதபோது செயற்பட்டே ஆகவேண்டும். 'முறை என்னுடையது' என்று கூறி எவரும் தப்ப இயலாது.

கருவிகள் பெருகியதால் கவனம் குறையலாகாது என்பதற்கு 1956 சூலை 25ஆம் நாள் இரவு சான்றாகும். அமெரிக்காவின் நான்டக்கெட் தீவை அடுத்த கடலில், இத்தாலியின் ஆந்த்ரேயா டோரியாவும் சுவீடனின் ஸ்டாக்ஹோமும் ஒன்றையொன்று ரேடாரில் கண்டிருந்தன. மூடுபனியிலும் இத்தாலியக் கப்பல் வேகத்தைப் பெரிதும் குறைக்கவில்லை. அஃது இடப்புறம் திரும்ப, சுவீடன் கப்பல் வலப்புறம் திரும்பியது. இரண்டும் மோதியதில் 51 உயிர்கள் மாண்டன. 1960ஆம் ஆண்டின் மாநாடு, ரேடாரைப் பயன்படுத்துவது குறித்த பரிந்துரைகளை விதிகளோடு இணைத்தது.

மலாக்கா, சிங்கப்பூர் நீரிணைகளைக் கண்முன் கொண்ட நம் மாணவர்க்கு இவ்வரலாறு தொலைவிலுள்ளதன்று. 1975இல் ஷோவா மாரு என்னும் ஜப்பானிய எண்ணெய்க் கப்பல் சிங்கப்பூர் நீரிணையில் தரைதட்டிக் கடலை மாசுபடுத்தியது. இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய மூன்று நாடுகளும் 1977இல் உடன்பாடு கண்டன. எதிரெதிராகச் செல்லும் கப்பல்களுக்குத் தனித்தனித் தடங்களை வகுக்கும் முறை 1981இல் இந்நீரிணைகளில் நடைமுறைக்கு வந்தது.

ஆயினும் விதி தானே கப்பலைச் செலுத்தாது. 2017 ஆகஸ்டு 21ஆம் நாள் விடியற்காலை, சிங்கப்பூர் நீரிணையை நோக்கி வந்த அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெய்னில் சுக்கானை இயக்குவதில் குழப்பம் நேர்ந்தது. அக்கப்பல் இடப்புறமாகத் திரும்பி, அல்னிக் எம்.சி. என்னும் எண்ணெய்க் கப்பலின் குறுக்கே சென்றது. மாலுமிகள் பதின்மர் மாண்டனர். இரு கப்பல்களுமே எச்சரிக்கைக்குரிய ஐந்து குற்றொலிகளை எழுப்பவில்லை என அமெரிக்கக் கடற்படையின் அறிக்கை கூறுகிறது. நூற்றாண்டுக்கு மேலாகப் பண்பட்ட மொழி, வேண்டிய பொழுதில் ஊமையாயிற்று.

தன் கருத்தை உரிய காலத்தில் தெளிவாகத் தெரிவித்தல், ஆற்றல் மிக்கவர் முதலில் விலகுதல், தம்மீது தவறில்லாதபோதும் தீங்கைத் தடுக்க முற்படுதல் ஆகிய மூன்றுமே கடல்வழி நெறியின் சாரம். கப்பலேறாத மாணவனுக்கும் இவை பயன்படும் என்பதில் ஐயமில்லை.